சிரிப்புச் சத்தத்துக்குள் நடந்தவள்

தியேட்டரில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் சின்னதாக ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். அங்கே முன்பு வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று போன கிழமை கல்லடியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களுக்கு முன்னால் பேசவும் வராது. டிக்கட் கவுண்டரில் இருக்கிற நிலானிதான் விடவில்லை. “மாமி, நம்மட தியேட்டருக்கு சனம் ஆகக் கூட வாறது காதல் சிரிப்புப் படத்துக்குத்தான். ஏன் அதுக்கு மட்டும் இப்பிடி வருது எண்டு எழுதுங்க. பின்னால நிண்டு பாத்தது நீங்கதானே. சிரிக்கிற மாதிரி எழுதுங்க” என்று சொல்லி, ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்துவிட்டுப் போனாள்.

சிரிக்கிற மாதிரி எழுத எனக்கு வருமோ தெரியாது. அந்தப் படங்கள் ஓடிய நாட்களில்தான் நான் ஆகவும் பயந்து திரிந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என்னுடைய மனுசன் பிரச்சினைக் காலத்தில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகு, மூடிக் கிடந்த தியேட்டரைத் திருத்தித் திறந்தார்கள். பெண்கள் குடும்பம் குடும்பமாக வர வேண்டும் என்றால் உள்ளே ஒரு பொம்பிளை நிற்க வேண்டும் என்று முதலாளி நினைத்திருக்கிறார். டோர்ச் பிடித்து ஆட்களைச் சீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. கேட்ட பெண்கள் எல்லாரும் வெட்கம் என்று மறுத்துவிட்டார்களாம். நான் வெட்கப்படுகிறவள் என்றபடியால்தான் ஒப்புக்கொண்டேன். இருட்டில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலையைப் பழக ஒரு மாதம் எடுத்தது. பழக்கியவர் மனேஜர் ஐயா. ஒல்லியான மனிதர். தியேட்டருக்குள் ரப்பர் செருப்புத்தான் போடுவார். சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வை கிலுங்கக் கூடாது என்று அதை லேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் முகங்களைப் பார்த்து நிற்பார். ஒருநாளும் சத்தம் போட்டு ஏசியதில்லை. பிழை விட்டால் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிவிட்டு, பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று முதலில் இருந்து திரும்பச் சொல்லுவார். அதைவிட ஏச்சு வாங்குவது சுகம்.

அவர் சொல்லித் தந்ததில் முதலாவது, வெளிச்சம் காலில் மட்டும். ஆளுக்கு அரை அடி முன்னால் நடக்க வேண்டும். மணிக்கட்டைப் பின்பக்கம் திருப்பி, வருகிறவரின் காலுக்கு முன்னால் ஒரு தட்டளவு வெளிச்சம் விழுகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். படி வந்தால் வெளிச்சத்தைப் படியில் ஒருமுறை ஆட்டிக் காட்ட வேண்டும். முகத்துக்கு ஏற்றவே கூடாது. யாரோடு வந்தார், ஏன் அந்தச் சீட் என்று கேட்கவும் கூடாது. “டிக்கட் எடுத்தவன் இருட்டையும் சேர்த்துத்தான் எடுத்திரிக்கான் புள்ள. முகத்துக்கு வெளிச்சம் அடிச்சா அத நாம பறிக்கிற மாதிரி” என்பார்.

இரண்டாவது சிரிப்புப் படத்துக்கென்று தனியாக உள்ளது. பிந்தி வருகிறவர்களை உடனே உள்ளே விடக்கூடாது. வாசலோடு நிறுத்தி வைத்து, சனம் சிரிக்கத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சிரிப்பு அடங்கினால் எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்தில் குனிந்து நிற்க வேண்டும். அடுத்த சிரிப்புக்குத் திரும்ப நடக்க வேண்டும். அப்படி நடந்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. இதற்காக ஒவ்வொரு படத்திலும் எந்த எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று முதல் இரண்டு நாளில் பாடமாக்கிவிடுவேன். கதை சரியாகத் தெரியாது, சிரிப்பு தெரியும். அழுகைப் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும் இப்படி ஒரு பாதை கிடையாது.

நிலானி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். படத்தில் ஒருத்தி இருப்பாள். அவளுடைய ஆள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான், போனும் எடுக்கமாட்டான். அவள் கோபித்துக்கொண்டு, அவனுடைய சட்டையை எடுத்து யன்னலால் எறிவாள். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் எழும்புகிற சிரிப்பு இருக்கிறதே, அது பகிடிக்குச் சிரிக்கிற சிரிப்பு மாதிரி இராது. பெரிய மூச்சு ஒன்றை விடுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் ஒருநாள் தன்பாட்டில் சொன்னாள், “கோவிக்கிறாள் பாருங்களன்” என்று. அவ்வளவுதான். ஆள் வரப் பிந்தினால் நாங்கள் கோபித்த ஆட்கள் அல்ல. பயந்த ஆட்கள். வாசலுக்கும் ஒழுங்கை முகப்புக்கும் நடந்த ஆட்கள். ஆண்பிள்ளை பிந்தி வந்ததற்குச் சட்டையை எறிந்து கோபிக்க ஒரு காலம் வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் அந்தச் சனம் வந்தது என்று நினைக்கிறேன். அந்தப் படங்களில் யாரும் சாக மாட்டார்கள். பிழையாக விளங்கிக்கொண்டது எல்லாம் இரண்டரை மணித்தியாலத்தில் சரிவந்துவிடும்.

எனக்கு அது பழகிப் போய்விட்டது. வெளியிலும் அப்படித்தான் சரிவரும் என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு தவமணியின் வீடு. அவளுடைய மகள் தர்சினிக்கு வெல்லாவெளியில் ஒரு பொடியனைப் பேசி, பதிவுக் கலியாணமான எழுத்தும் முடிந்திருந்தது. கலியாண எழுத்து முடிந்தால் சட்டப்படி புருசன் பெண்சாதிதான். ஆனால் தாலி ஏறும் வரைக்கும் எங்களுக்குள் அது கலியாணம் இல்லை. தாலி ஏற வேண்டும் என்றால் சீதன வீடு முடிய வேண்டும். தவமணியின் வளவுக்குள் அந்த வீடு கூரையோடு நின்றது. நிலை வைக்கவில்லை, கதவு இல்லை. எழுத்து வெல்லாவெளியில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். புதுச் சனத்துக்கு நடுவில் போய் இருக்க வெட்கப்பட்டு நான் போகவில்லை. அதனால் மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

அவன் பெயர் சுதன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. தாய் வள்ளிப்பிள்ளை பொல்லாத கண்டிப்பு என்று தவமணி சொல்லியிருந்தாள். வீடு முடிந்து தாலி ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் சந்திக்கக் கூடாது என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறாள். “பொடியனும் அப்பிடித்தான் பூரணக்கா. தாய் கீறின கோட்டத் தாண்ட மாட்டான். ஒரு போன் கூட எடுக்கிறல்ல” என்று தவமணி பெருமையாகச் சொன்னது என் காதில் இருந்தது.

ஒரு புதன்கிழமை பகல் காட்சிக்குத் தர்சினி தனியாக வந்தாள். டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிற நாள் அது. வாசல் வெளிச்சத்தில் என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. “மாமி, வகுப்பில்ல இண்டைக்கி. அம்மாக்கிட்டச் சொல்லிராதீங்க” என்றாள். ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறது பிள்ளை, பார்க்கட்டும் என்று தலையை ஆட்டினேன். ஆகப் பின் வரிசைக் கரைச் சீட்டைக் கேட்டாள்.

விளக்கணைந்து கொஞ்சத்தில் ஒரு பொடியன் வாசலில் வந்து நின்றான். தொப்பியை இழுத்து விட்டிருந்தான். காதுக்குள் கதைக்கிற மாதிரி, “அக்கா, அந்த நீலச் சால்வை போட்டவக்குப் பக்கத்துச் சீட்” என்றான். சனம் சிரித்தது. நான் நடந்தேன். என் டோர்ச் வெளிச்சத்தில் அவனுடைய கால்கள் வந்தன. இடது காலின் சின்ன விரல் மற்ற விரல்களோடு சேராமல் தள்ளி நின்றது. புறங்காலில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு பழைய வடு. நானே கொண்டுபோய் தர்சினிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு வந்தேன்.

அடுத்த புதனும் அப்படியே. அதற்கடுத்த புதனும். படம் மாறவில்லை, ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். படம் முடிய முதல் அவன் எழும்பிப் போய்விடுவான். அவள் விளக்குப் போட்ட பிறகு, தனியாக வந்தவள் மாதிரி, சனத்தோடு சனமாக இறங்குவாள்.

வெல்லாவெளிப் பொடியன் தாயின் சொல்லைத் தாண்டாதவன். அப்படியென்றால் இவன் யார்? இன்னொருவனுக்கு எழுதிய பிள்ளை இது. நாளைக்கு இது வெளியில் வந்தால் எழுத்தை வெட்ட வேண்டும், கோடு கச்சேரி என்று போக வேண்டும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யார் எடுப்பார்கள்? தவமணிக்குப் புருசன் இல்லை. இருந்த எல்லாவற்றையும் அந்த வீட்டில்தான் போட்டிருந்தாள். காலையில் அவள் கிணற்றடியில் நின்று “என்ன பூரணக்கா, வேலைக்கா?” என்று கேட்டால் எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாது.

மனேஜர் ஐயாவிடம் சொன்னேன். ஆள் யார் என்று சொல்லவில்லை, தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று மட்டும் சொன்னேன். அவர் செருமிவிட்டு, “முகத்தப் பாத்தியா?” என்று கேட்டார். இல்லை, காலைத்தான் பார்த்தேன் என்றேன். “அப்ப உனக்குத் தெரிஞ்சது ஒரு கால்தான் புள்ள” என்றார். பிறகு வெளிச்சம் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.

நான் கேட்கவில்லை. இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை, மூன்று நாள் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். தர்சினி வாசலில் ஒவ்வொரு புதனும் எனக்கு முன்னால் வந்து நின்றாள். “ஆர் அது, மகள்?” என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அதைக் கேட்க எனக்கு வெட்கம். அவளிடம் கேட்க வெட்கப்பட்டவள், அவளுடைய தாயிடம் போய்ச் சொன்னேன்.

தவமணி அப்போது மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் கத்தி நிற்கவில்லை. இரண்டு மீனை வெட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு, “சரிக்கா. நீங்க போங்க” என்றாள். எனக்குப் பின்னால் அவள் தமையனுக்குப் போன் எடுக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. தவமணியின் தமையன் மானஸ்தன். மாப்பிள்ளை வீட்டார் அறிந்து நம்மைக் காறித் துப்புவதற்கு முன் நாமே சொல்லி விலகிவிட வேண்டும் என்று நினைத்தார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே வள்ளிப்பிள்ளைக்குப் போன் எடுத்து, எங்கள் பிள்ளை ஒரு பொடியனோடு தியேட்டரில் இருட்டுக்குள் இருந்தது, கண்ட ஆள் இருக்கிறது, நீங்கள் எழுத்தை வெட்டலாம், எங்களிடம் ஒரு மறுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

சொல்லிய பிறகுதான் தர்சினியிடம் கேட்டார்கள். என்னையும் கூப்பிட்டு நடுவீட்டில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். அவள் முதலில் ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். பிறகு, “அது அவர்தானே” என்றாள். “ஆரு?” என்று மாமன் கேட்டார். “எனக்கு எழுதின அவர்தான்.” ஒருவரும் நம்பவில்லை. அவள் போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஹோட்டல் குசினியில் வேலை நேரம் போனை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போனை மேசையில் வைத்துவிட்டு அடித்தாள். படத்தில் என்றால் இந்த இடத்தில் எத்தனை சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே அந்த மணிச் சத்தம் ஒவ்வொரு தடவையும் நிற்கும்போது தவமணி சேலைத் தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தாள்.

தர்சினி ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னட்டக் கேட்டிருக்கலாமே மாமி” என்றாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நாலு மணிக்குப் பிறகு அவன் எடுத்தான். ஓம், நான்தான் போனேன், புதன்கிழமை எனக்கு லீவு, அம்மாவுக்குச் சொல்லவில்லை என்றான். மாமன் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். பிழை விளங்கிவிட்டது, இனிச் சரி என்று நான் மூச்சு விட்டேன். அது அவசரப்பட்டு விட்ட மூச்சு.

இரண்டு நாள் கழித்து வெல்லாவெளியில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். மகன் தாய்க்கு முன்னால் நின்று, அது நான்தான் என்று சொல்லியிருக்கிறான். வள்ளிப்பிள்ளை நம்பவில்லை. என் மகன் இளகின மனசுக்காரன், அந்தப் பிள்ளையின் பேர் கெட்டுப்போகும் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான், புதன்கிழமை அவன் வேலையில்தான் இருந்தான் என்கிறாளாம். கண்ட ஆள் இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அந்த ஆளை வரச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். வராவிட்டால் எழுத்தை வெட்டுகிறதுதான்.

நான் மனேஜர் ஐயாவிடம் போய் லீவு கேட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழமையான பாடத்தைத் தொடங்கவில்லை. லேஞ்சியை அவிழ்த்து, திறப்புகளைப் பார்த்து, திரும்பக் கட்டினார். “உன்ட வாயால போனத உன்ட வாயாலதான் கொண்டு வரணும் புள்ள. போயிற்று வா” என்றார்.

களுவாஞ்சிக்குடியில் பஸ் மாறி, பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போனோம். தவமணியின் தமையன் முன் சீட்டில் இருந்தார். வழி நெடுக வயல் வட்டைகளில் வேளாண்மை பச்சையாக நின்றது. எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. அந்தத் தாய் சொல்லுகிறது சரியாக இருந்தால்? அந்தப் பொடியன் பாவம் பார்த்துத்தான் பொய் சொல்லுகிறான் என்றால்? நான் முகத்தைக் காணவில்லை. அங்கே போய் நான் கண்ட கால் இது இல்லை என்று கண்டால் என்ன சொல்லுவேன்? உண்மையைச் சொன்னால் தர்சினி முடிந்தாள். பொய் சொல்ல எனக்கு வராது, வாய் நடுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

வள்ளிப்பிள்ளை என்னைப் போல வயதுதான். வாங்க என்று சொல்லி, தேத்தண்ணி தந்து, நான் குடித்து முடியும் வரைக்கும் காத்திருந்தாள். முற்றத்தில் அக்கம்பக்கத்துச் சனம் பத்துப் பன்னிரண்டு பேர். அவ்வளவு வெயிலில், அவ்வளவு முகங்களுக்கு முன்னால் நான் என் காலத்தில் நின்றதில்லை. “அவன்ட முகத்தக் கண்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “பின்ன என்னத்தக் கண்டீங்க?” கால் என்றேன். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் ஒரு சேலையை விரித்துப் போட்டாள். நிலத்தில் இருந்து ஒரு முழம் விட்டுத் தொங்கியது. “மூணு பேர் நிப்பாங்க. என்ட மகனும் அதுக்குள்ள. நீங்க கண்ட கால் எது எண்டு சொல்லுங்க. அப்ப நான் நம்புறன்” என்றாள்.

சேலைக்குக் கீழே மூன்று சோடிக் கால்கள் வந்து நின்றன. மூன்றும் வட்டைக்குள் இருந்து வந்த கால்கள், அன்றைக்கு மூன்று பேரும் வயலுக்குள் இறங்கியிருக்கிறார்கள் போல, சேறு காய்ந்து வெளிறிப் போயிருந்தது. வடு தெரியவில்லை. விரல்கள் எல்லாம் சேற்றில் ஒரே மாதிரி விரிந்து நின்றன. நான் பார்த்தது இருட்டில், ஒரு தட்டளவு வெளிச்சத்துக்குள். இது வெயில். எனக்குக் கண் கூசியது. பின்னால் தவமணியின் தமையன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கழுவச் சொல்லிக் கேட்கலாம் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பயம். வாயில் வந்தது வேறு. “நடக்கச் சொல்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொன்னேன்.

நடந்தார்கள். முதலாவது ஆள் வரம்பில் நடக்கிற மாதிரிக் காலைத் தூக்கி வைத்தான். மூன்றாவது ஆள் இழுத்து நடந்தான். நடுவில் நின்றவன் நாலு எட்டு வைத்தான். ஒவ்வொரு எட்டிலும் விரலை முதலில் நிலத்தில் தொட்டுப் பார்த்து, பிறகுதான் குதியை வைத்தான். இருட்டில் படி இருக்குமோ என்று பார்க்கிற நடை. புதன்கிழமைகளில் எனக்குப் பின்னால் வந்த நடை. அவனும் பயத்தில் அப்படி நடந்தானோ என்னவோ. “நடுவில நிக்கிறவர்” என்றேன்.

வள்ளிப்பிள்ளை போய்ச் சேலையை இழுத்து எடுத்தாள். நடுவில் நின்றது அவளுடைய மகன். அந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் முதல் தரம் கண்டேன். சின்ன முகம். உதடு காய்ந்துபோய் இருந்தது.

அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவளுடைய முகம் இன்னும் இறுகியது. எல்லாரையும் போகச் சொன்னாள், மகனையும்தான். என்னை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் இருத்தினாள். பிறகுதான் சொன்னாள். அவளுடைய மூத்த மகளுக்கும் இப்படித்தான் எழுத்து முடிந்து, தாலி ஏறாமல் இருந்தது. எழுதியவன் நெடுக வந்து போனான். பிறகு வெளிநாடு போய், அங்கே இருந்து எழுத்தை வெட்டக் கேட்டுவிட்டான். ஊர் கதைத்த கதையில் அந்தப் பிள்ளை இன்றைக்கும் வெளியில் இறங்குவதில்லை. என் மகனால் இன்னொருத்தியின் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்றுதான் அந்தக் கட்டளை போட்டேன் என்றாள். என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்தது.

“மறைக்காம சொல்லுங்க. இருட்டுக்குள்ள என்ன செஞ்சதுகள்?”

“சிரிச்சதுகள்” என்றேன்.

“மறுகா?”

“மறுகாவும் சிரிச்சதுகள்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை. பின் வரிசையில் இருந்து அந்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். மூன்று கிழமையாக நான் அதைக் கள்ளச் சிரிப்பு என்று கேட்டிருந்தேன். “அப்பிடிச் சிரிக்க என்ன படம் அது?” என்று கேட்டாள்.

நான் என் வாழ்க்கையில் யாருக்கும் கதை சொன்னதில்லை. சொன்னேன். கொழும்பு மாதிரி ஒரு டவுனில் புருசனும் பெண்சாதியும். இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் வேலை போய்விடுகிறது. மற்ற ஆள் கவலைப்படும் என்று இரண்டு பேரும் மறைக்கிறார்கள். காலையில் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டு, ஒரே பூங்காவுக்குத்தான் போகிறார்கள். அவன் இருக்கிற வாங்கு இந்தக் கரையில், அவள் இருக்கிற வாங்கு அந்தக் கரையில், நடுவில் பெரிய மரம். மத்தியானம் போன் எடுத்து, ஒபிசில் சரியான வேலை என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு தெருநாய். அது இவனிடமும் போய்த் தின்னும், அவளிடமும் போய்த் தின்னும்.

“ரெண்டு பேரிட்டயும் திண்டுச்சா?” என்றாள் வள்ளிப்பிள்ளை.

“ஓம். ஒரு நாள் அது இவனுக்குப் பின்னாலயே வீட்டுக்கு வந்திரும். அவள் கதவத் திறந்தவுடன அவளுக்கும் வாலாட்டும்.”

அவளுடைய உதடு அசைந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். “மறுகா என்ன நடந்திச்சி?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, படம் முடிகிற நேரத்தில் நான் கதவு திறக்கப் போய்விடுவேன் என்றேன். அதற்கு அவள் வெளிப்படையாகவே சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள். தவமணியின் தமையன் மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரிடம் பேசவில்லை. தள்ளி நின்ற மகனுடைய போனை வாங்கி நேரே தவமணிக்கு எடுத்தாள். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. “வீட்டுக்கு நிலை வைக்க ஆள் சொல்லிட்டீங்களா, இல்லாட்டி இஞ்சால இரிந்து நான் தச்சனக் கூட்டிக்கொண்டு வரட்டா?” என்று கேட்டாள். நிலை வைக்கிற நாளுக்கு மாப்பிள்ளை வீட்டார் போனால் அது சம்மதம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவமணி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வள்ளிப்பிள்ளை போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

கலியாணம் நடந்தது. சுவர் பூசாத வீட்டில்தான் நடந்தது. இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். சுதன் என்னைக் கண்டால் தன் காலைக் காட்டிப் பகிடி பண்ணுவான். தர்சினியும் என்னோடு நல்லாத்தான் கதைப்பாள், வருசப் பிறப்புக்குப் பலகாரம் கொண்டுவந்து தருவாள்.

ஆனால் தியேட்டருக்கு இரண்டு வாசல். இடது பக்க வாசல் எனக்கு, மற்ற வாசலுக்கு வேறு ஆள். கலியாணத்துக்குப் பிறகு எத்தனையோ படத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் ஒருநாளாவது அவள் என் வாசலால் வரவில்லை. அது நியாயம்தான். நான் என் இடத்தில் டோர்ச்சை அணைத்துவிட்டு நிற்பேன். அவளுடைய சிரிப்பு எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தில் இருந்து வரும். படம் தொடங்கி முதல் சிரிப்பில் அது கேட்காவிட்டால், இரண்டாவது சிரிப்புக்குக் காத்துக்கொண்டு நிற்பேன்.